தியாகபூமி: குடமுருட்டிக் கரையில் பிறந்த படம்

காவிரிக் கரையின் நூறாண்டு – 17

சென்ற வாரம் வேதாரண்யம் உப்பளத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து புறப்பட்ட சுமார் 100 தொண்டர்கள் தஞ்சை ஜில்லாவை நடந்தே கடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடுபவர்களுக்கும் இடம் கொடுப்பவர்களுக்கும் சிறை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவுமறைவில்லாமல் தொண்டர்களை வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார், சிறைக்கும் போனார். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளையின் சொத்து பறிமுதலாயிற்று. தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் வைரப்பன் சவரத்தைப் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் சிறைதான்.

இவர்கள் யாரும் போருக்குப் போனவர்கள் அல்லர். ஆனாலும் வீடு, நிலம், தொழில் என்று தங்களிடம் இருந்ததை இழந்தவர்கள். இந்த ஜில்லாவில் குடும்பத் தியாகம் என்பது அப்படித்தான் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்த வாழ்க்கை சினிமாவுக்குள் நுழைந்தது. உலகப் போர் மூண்டு சில மாதங்களுக்குள் அந்தப் படத்துக்கு அரசாங்கம் தடை போட்டது.

படம் ‘தியாகபூமி’. வெளியான நாள் 1939 மே 20.

அதை உருவாக்கியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம். இயக்கிய கே. சுப்பிரமணியம் 1904-இல் பாபநாசத்தில் பிறந்தவர். கதை எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி, மாயவரத்துக்கு வடக்கே புத்தமங்கலத்துக்காரர். கதாநாயகியின் தகப்பனாராக நடித்துப் பாட்டுகளும் எழுதிய சிவன், நன்னிலம் பக்கத்துப் போலகத்தில் ராமையாவாகப் பிறந்து, பாபநாசத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். கதையைத் தம் பத்திரிகையில் தொடராக வெளியிட்டுப் படத்துக்கும் துணை நின்ற எஸ். எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். நால்வரும் ஒரே ஜில்லா. நால்வரும் அக்கிரகாரத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் சேர்ந்து எடுத்த படத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பதும் ஒரு தஞ்சாவூர் ஜில்லா அக்கிரகாரம்தான். தமிழ் சினிமாவில் ஓர் ஊர் தன்னைத் தானே இவ்வளவு கடுமையாக விசாரித்துக்கொண்டது அதற்கு முன் நடக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

சுப்பிரமணியத்துக்கு இது புதிய பாதை அல்ல. 1934-இல் ‘பவளக்கொடி’ எடுத்தார். மாயவரத்து தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தது அதில்தான். புராணப் படங்களுக்கு நல்ல வசூல் இருந்த அந்தக் காலத்தில், 1937-இல் ‘பாலயோகினி’ எடுத்துச் சாதிக் கொடுமையையும் விதவைகளின் நிலையையும் பேசினார். விதவை வேடத்துக்கு ஒரு பிராமண விதவையையே நடிக்கவைத்தார்; அதில் ஆசாரக்காரர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறு ஆண்டு பிரேம்சந்தின் நாவலைத் தழுவி ‘சேவாசதனம்’. அதற்கடுத்ததுதான் தியாகபூமி.

கதை வந்த விதமும் புதுமை. கல்கி அதை ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தபோதே மறுபக்கம் படப்பிடிப்பும் நடந்துகொண்டிருந்தது. தொடருக்கு ஓவியர் வரைந்த படங்களுக்குப் பதிலாகப் படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்கள் அச்சாயின. ஊரில் ஒருவர் வாங்கும் விகடனைத் திண்ணையில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து படித்துக் கேட்ட காலம் அது. சம்பு சாஸ்திரி என்ற பெயரைப் படிக்கும்போதே பாபநாசம் சிவனின் முகம் பக்கத்தில் தெரிந்தது. சாவித்திரி என்றால் எஸ். டி. சுப்புலட்சுமி. பேத்தி சாரு என்றால் பேபி சரோஜா. சுப்பிரமணியத்தின் தம்பி விசுவநாதனின் மகள், ‘பாலயோகினி’யிலேயே ஊரெல்லாம் கொண்டாடிய குழந்தை. அந்த ஆண்டுகளில் பிறந்த பெண்களில் எத்தனை சரோஜாக்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இப்படிப் படம் கொட்டகைக்கு வருவதற்கு முன்பே அதன் மனிதர்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்களாகிவிட்டார்கள்.

சிவனைத் தேர்ந்தெடுத்ததில் சுப்பிரமணியத்தின் கண் எவ்வளவு கூர்மையானது என்பது தெரிகிறது. மூன்று ஆண்டுக்கு முன் ‘பக்த குசேலா’வில் அவரைக் குசேலராக்கியவரும் இவரே. ஆனால் சம்பு சாஸ்திரி வேடத்தில் சிவனுக்கு நடிக்கவேண்டிய வேலையே குறைவு. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை கோஷ்டியை நடத்திச் சென்றவர் அவர். படத்தில் சாஸ்திரி பஜனை பாடிக்கொண்டு வரும்போது மேடை நடிகரின் மிகை எதுவும் இல்லாமல், தெருவில் பார்த்துப் பழகிய மனிதர் போலவே தெரிகிறார்.

கதை நடக்கும் நெடுங்கரை என்பது கற்பனை ஊர். குடமுருட்டி ஆறு கற்பனையல்ல. காவிரியிலிருந்து பிரிந்து பாபநாசம் வழியாகப் போவது. கோடை, மழை, பனி, இளவேனில் என்று நாவலை நான்கு பாகமாக்கிய கல்கி, கதையின் முடிச்சை மழையில்தான் வைத்தார். டெல்டாவில் பிறந்தவனுக்கு வேறெங்கே வைக்கத் தோன்றும்? 1924 வெள்ளத்தில் கரைகள் உடைந்து ஊர்கள் நாசமானதைப் பார்த்த தலைமுறை அது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் அடித்தால் ஆற்றுக்கரைதான் முதல் கவலை. இரவெல்லாம் அரிக்கேன் விளக்கோடு கரையைச் சுற்றிவருவார்கள். எலி வளை போட்ட இடத்தில் தண்ணீர் கசியத் தொடங்கினால் வைக்கோலும் மண்ணும் போட்டு அடைப்பார்கள். அடைபடாவிட்டால் உடைப்பு. உடைப்பெடுத்த தண்ணீர் முதலில் பாய்வது மேட்டில் இருக்கும் அக்கிரகாரத்துக்குள் அல்ல. பள்ளத்தில் இருக்கும் சேரிக்குள்.

கதையிலும் அதுதான் நடக்கிறது. குடிசை முழுகிய சேரி மக்கள் குழந்தை குட்டிகளோடு சாஸ்திரி வீட்டுக்கு வருகிறார்கள். அவரிடம் பண்ணை வேலை பார்க்கும் நல்லானின் ஜனங்கள். சாஸ்திரி அவர்களைத் தம் மாட்டுக்கொட்டிலில் தங்கவைக்கிறார். மாடு நின்ற இடத்தில் மனிதரை வைத்ததற்குத்தான் அக்கிரகாரம் அவரைச் சாதிப்பிரஷ்டம் செய்கிறது. வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்து, களத்தில் அடித்து, நெல்லைப் பத்தாயம் வரை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும் மனிதர்கள், ஒரு மழை இரவில் அதே வீட்டின் கொல்லையில் ஒண்டினால் வீடு தீட்டாகிவிடும். இதைக் கல்கி கற்பனை செய்து எழுதவேண்டிய அவசியம் இருக்கவில்லை. சுற்றுவட்டத்தில் எந்த ஊரிலும் அதுதான் வழக்கம்.

சாஸ்திரியின் இழப்பு அத்தோடு நிற்பதில்லை. மகள் சாவித்திரியைக் கட்டிக்கொடுத்த ஸ்ரீதரன் கல்கத்தாவில் நாகரிகம் பழகியவன். கிராமத்துப் பெண்டாட்டி வேண்டாம் என்கிறான். சம்பந்தி வீட்டார் கேட்ட பணத்துக்காகச் சாஸ்திரி சொத்தைக் கைவிட்டு மகளை அனுப்பிவைக்கிறார். அங்கே அவள் படாத பாடு பட்டு, வயிற்றில் குழந்தையோடு திரும்புகிறாள். வந்து பார்த்தால் அப்பா ஊரிலேயே இல்லை. சென்னையில் பிரசவித்த குழந்தையை, தூங்கிக்கொண்டிருக்கும் தகப்பனாரின் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போய்விடுகிறாள். தன் பேத்தி என்று தெரியாமலே அவளை வளர்க்கும் சாஸ்திரி, சாவடிக் குப்பத்தில் நல்லானின் ஜனங்களோடு குடியேறுகிறார். நெடுங்கரையில் ஓர் இரவுக்கு இடம் கொடுத்தவருக்கு, அந்த ஜனங்கள் வாழ்நாள் முழுக்க இடம் கொடுக்கிறார்கள். படத்தின் கதைக்கட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

காலம் போகிறது. பம்பாய் அத்தையின் சொத்து கிடைத்து, சாவித்திரி உமாராணி என்ற பெயரில் செல்வச் சீமாட்டியாகத் திரும்புகிறாள். இப்போது ஸ்ரீதரனுக்குப் பெண்டாட்டி வேண்டும். தாம்பத்ய உரிமை கோரி வழக்குப் போடுகிறான். நீதிமன்றத்தில் சாவித்திரி, அவனோடு வாழ முடியாது, வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். 1939-இல் அந்த வசனத்தைக் கேட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் எப்படித் துணுக்குற்றிருப்பார்கள் என்பதை, அன்றைய சட்டம் தெரிந்தால்தான் உணர முடியும். நாடு முழுவதும் இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து உரிமை தந்த இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-இல். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 16 ஆண்டுகள். கல்கியின் நண்பர்களிலேயே பலர் இதைச் செரித்துக்கொள்ளக் கஷ்டப்பட்டிருப்பார்கள். அதற்காக அவர் அந்தக் காட்சியை மழுப்பவில்லை.

வழக்காடும் குடும்பத்தைக் கடைசியில் ஒன்று சேர்ப்பது தேசப் போராட்டம். சாவித்திரி கதர் உடுத்திச் சிறை போகிறாள். மனம் திருந்திய ஸ்ரீதரனும் போகிறான். பின்னணியில் டி. கே. பட்டம்மாளின் குரலில் தேசபக்திப் பாட்டு. கச்சேரி மேடையிலேயே பெண் பாடுவதைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருந்த காலத்தில் சினிமாவில் அவர் பாட ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அது நாட்டுக்கான பாட்டு என்பதுதான். இந்த முடிவு கொஞ்சம் அவசரம். குடும்பத்துக்குள் தீராத கணக்கைச் சிறைச்சாலை தீர்த்துவைக்கிறது என்று குறை சொல்லலாம். நானும் சொல்வேன். ஆனால் 1922-லும் 1930-லும் சிறை சென்றுவந்த கல்கிக்குச் சிறை என்பது கதை முடிக்கும் உத்தி மட்டுமல்ல. அங்கே சாதியும் சம்பந்தி மரியாதையும் எப்படிக் கரைகின்றன என்பதை உள்ளே இருந்து பார்த்தவர் அவர்.

இப்படி ஒரு படம் தணிக்கையில் எப்படித் தப்பியது? 1918 சட்டப்படி தணிக்கை வாரியம் மாகாண அரசின் கையில். 1937 ஜூலை முதல் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை. கதர்க் குல்லாயையும் மூவர்ணக் கொடியையும் கண்டால் வெட்டிக்கொண்டிருந்த கத்தரி அந்த இரண்டேகால் ஆண்டு ஓய்ந்திருந்தது. சூழலும் கூடிவந்தது. படம் ஓடிக்கொண்டிருந்த 1939-லேயே மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஜூலை 8 அன்று ஹரிஜனங்களும் நாடார்களும் நுழைந்தார்கள். தஞ்சை அரண்மனை தேவஸ்தானத்தின் 90 கோயில்களும் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. பெருவுடையார் கோயிலும் அதில் ஒன்று. பரம்பரை அறங்காவலரான போன்ஸ்லே இளவரசரை காந்தியடிகள் பாராட்டினார். நெடுங்கரைக் கதையைப் பார்த்துவிட்டு வெளியே வந்த தஞ்சாவூர்க்காரர், பெரிய கோயில் வாசலில் அதன் அடுத்த அத்தியாயத்தைப் பார்த்திருக்க முடியும்.

செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கலக்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அக்டோபர் இறுதியில் ராஜாஜி அமைச்சரவை விலகியது. மாகாணம் ஆளுநரின் நேர் ஆட்சிக்குப் போனது. ஓய்ந்திருந்த கத்தரிக்கு மறுபடி வேலை வந்தது. பல வாரங்கள் ஓடி, பத்திரிகைகளெல்லாம் எழுதி, ஊர் ஊராகப் பெண்கள் கண்ணீர் விட்டுப் பார்த்துவிட்ட தியாகபூமி தடை செய்யப்பட்டது.

தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் சுப்பிரமணியமும் வாசனும் ஒரு காரியம் செய்தார்கள். சென்னையில் ரகுபதி வெங்கையா கட்டிய பழைய கெயிட்டி கொட்டகையில் டிக்கெட் இல்லை, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, காட்சி மேல் காட்சியாக ஓட்டினார்கள். கூட்டம் நெரிந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். எழுந்தவரின் இடத்தில் வெளியே நின்றவர் உட்கார்ந்தார். கடைசியில் போலீஸ் உள்ளே புகுந்து தடியடி நடத்தித்தான் காட்சியை நிறுத்த முடிந்தது. போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கவேண்டிய தயாரிப்பாளர்கள் படத்தை இலவசமாக வாரிக் கொடுத்தார்கள். வரவு செலவில் வாசன் எவ்வளவு கறாரானவர் என்பது தெரிந்தவர்களுக்கு இந்தச் செயலின் எடை புரியும்.

வெள்ளைக்காரனைத் திட்டும் வசனம் படத்தில் கொஞ்சம்தான். பெரும் பகுதி மாமியார், மாப்பிள்ளை, சிற்றன்னை, ஊர்க்கட்டுப்பாடு என்று குடும்பக் கதையே. பிறகு ஏன் பயந்தார்கள்? கதர், ஊர்வலம், சிறை என்று வழக்கமாகச் சொல்லும் பதில் சரிதான், ஆனால் போதாது. போரில் இறங்கிய அரசுக்கு ஜனங்களின் தியாகம் தேவைப்படுகிறது. பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பு, நெல்லை லெவியாகக் கொடு, பணத்தைப் போர்நிதியில் போடு என்று அது கேட்டாக வேண்டும். அந்த நேரத்தில், ஒரு குடும்பம் வீட்டையும் நிலத்தையும் சாதி மரியாதையையும் ஒவ்வொன்றாக இழந்து, அத்தனையையும் வேறொரு பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கதையைத் திரையில் ஓடவிட முடியுமா? தியாகம் யாருக்குச் சேரவேண்டும் என்பதில்தான் சண்டை. கெயிட்டியில் விழுந்த தடியடியை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

போர் டெல்டாவிடம் கேட்டதும் குறைவல்ல. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருந்த ஊர்கள் இங்கே உண்டு. அந்த வீடுகளுக்கு மணியார்டரும் நின்றது, கடிதமும் நின்றது. மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர். போர் முடிந்தும் பல ஆண்டுகள் அவர்களுடைய பெண்டாட்டிமார் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள். பர்மா அரிசி வராமல் போனதால் மாகாணம் முழுக்கத் தஞ்சாவூர் நெல்லையே பார்த்தது. 1934-இல் திறந்த மேட்டூர் அணை மட்டும் இல்லாதிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. களத்துமேட்டில் அளந்த நெல் கொள்முதலுக்குப் போனது. நட்டவர்களும் அறுத்தவர்களும் அரைவயிற்றுக் கஞ்சிக்கு அலைந்தார்கள். தஞ்சாவூருக்கு வெளியே விமானத் தளம் வந்து, 1942 கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆவது அணி வெல்லிங்டன் விமானங்களோடு அங்கே நிலைகொண்டது. பெரிய கோயில் விமானத்துக்கு மேலே குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன.

சினிமாவும் போருக்குக் கப்பம் கட்டியது. கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள். கப்பல்கள் முழுகிக்கொண்டிருந்தன. படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. தியாகபூமி மாதிரி ஊர்க்கதையும் கோர்ட் கதையும் பாட்டுமாக நீண்டு ஓடும் படம் இனி எடுக்க முடியாது. பிலிம் வேண்டுமானால் போர் ஆதரவுப் படமும் எடுத்துத் தரவேண்டும் என்று தயாரிப்பாளர்களை நெருக்கினார்கள். அப்படி வந்தவைதான் 1945-இன் படங்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி. ஆர். சுந்தரம் ‘பர்மா ராணி’ எடுத்தார். ஜெமினியில் கொத்தமங்கலம் சுப்பு ‘கண்ணம்மா என் காதலி’ எடுத்தார். எஸ். டி. சுப்புலட்சுமியை வைத்து ஜப்பானியருக்கு எதிரான ‘மானசம்ரக்ஷணம்’ எடுத்தவர் யார்? தியாகபூமிக்குத் தடை வாங்கிய கே. சுப்பிரமணியமேதான்.

இதை வைத்து அவரை மாறிவிட்டார் என்று பேசுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிலிம் இல்லாவிட்டால் இயக்குநருக்கு மட்டுமல்ல, தச்சரிலிருந்து பக்கவாத்தியக்காரர் வரை அவரை நம்பியிருந்த அத்தனை பேருக்கும் அடுப்பு எரியாது. தவிர, 1943 அக்டோபரில் சென்னை மீதே ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டது. ஏகாதிபத்தியத்தையும் பாசிசத்தையும் ஒருசேர வெறுத்தவர்கள் காங்கிரசிலேயே நிறைய இருந்தார்கள். எது முதல் எதிரி என்பதில் நேருவும் போசும் பிரிந்த இடம் அது. ஒன்று மட்டும் சொல்லலாம். உத்தரவின் பேரில் எடுத்த அந்தப் படங்களை இன்று தேடுவோர் மிகச் சிலர். தடையில் சிக்கிய தியாகபூமியோ புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிரதியாக இருக்கிறது; கல்கியின் நாவலாகப் புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது.

படத்துக்காக ஒன்றுகூடியவர்களையும் போர்க்காலம் பிரித்தது. கல்கி 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை செல்ல முடிவெடுத்தார். வாசனுக்கு அதில் சம்மதமில்லை. விகடனோடு இருந்த உறவு முறிந்தது. மூன்று மாதச் சிறை முடிந்து வந்தவர், நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து அதே ஆண்டு ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார். சாவித்திரியைச் சிறைக்கு அனுப்பிய எழுத்தாளர், தம் பங்குக்குத் தாமும் போனார். சுப்பிரமணியம் நிறுவிய ஸ்டுடியோ தீயில் எரிந்து ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்த வாசன் ஜெமினி ஸ்டுடியோவாக்கினார். சிவன் நடிப்பை அதிகம் தொடரவில்லை. பாட்டெழுதுவதைக் கடைசிவரை விடவில்லை.

திரையில் தடுத்தது தெருவில் நிற்கவில்லை. 1942 ஆகஸ்டில், நெடுங்கரைக் கதை நடக்கும் அதே குடமுருட்டிக் கரைப் பகுதியில், திருவையாற்றில் முன்சீப் கோர்ட்டும் பதிவாளர் அலுவலகமும் தாக்கப்பட்டன. அடமானப் பத்திரங்களும் கடன் வழக்குகளும் குவிந்திருந்த இரண்டு இடங்களைக் கூட்டம் ஏன் குறிவைத்தது, அதற்கு ஊர் கொடுத்த விலை என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)